பிரேக் ஆயில் எங்கே போனது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. பெங்களூர் பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கிறீர்கள். வண்டி 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் இறங்கும்போதும், சில்க் போர்டு பக்கம் சட்டென்று பிரேக் அடிக்கும்போதும் மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துபோகிறது. போன மாதம் தெருமுனை கராஜில் பிரேக் ஆயில் ஊற்றி, "ஏனூ ஆகல்ல சார்" (ஒன்றும் ஆகாது சார்) என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஒன்றும் இல்லை, இப்போது மறுபடி எரிகிறது. கம்பெனி சர்வீஸில் காட்டினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்), டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பேட் (அந்தத் தட்டை இருபக்கமும் கவ்வி நிறுத்தும் கட்டை) எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுக்கிறார்கள். இன்னொரு தடவை ஆயில் ஊற்றினால் போதுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், அடுத்த வாரம் பொங்கலுக்குக் குழந்தைகளோடு சேலம் போகணும் என்று போட்டிருக்கிறீர்கள். ஆகவே உண்மையில் நீங்கள் கேட்பது, இந்த வண்டியை நம்பிச் சேலம் போகும் வழியில் இருக்கும் தொப்பூர் மலை இறக்கத்தில் இறங்கலாமா என்பதுதான்.

நான் லால்பாக் ரோடு பக்கம் ஒரு கராஜில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சில வருஷம் இருந்து, இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு இடம் வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கராஜ்காரர் சொல்வது, கம்பெனிக்காரர் சொல்வது இரண்டின் பின்னணியும் எனக்குத் தெரியும். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் தனியாக எரிவதற்குப் பெரும்பாலான கார்களில் இரண்டே காரணம்தான்: ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இருக்கும் மிதவை. பேட் தேய்ந்தால் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டுக்கென்று தனிக் கம்பி வைத்திருப்பது விலை அதிகமான சில கார்களில்தான். நம் ஊர் ஹேட்ச்பேக்கில் பேட் தேய்ந்ததைச் சொல்ல, பேட்டின் ஓரத்தில் ஒரு தகடு இருக்கும். அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக் ஸ்விட்ச்சா என்பதை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். விளக்கு எரியும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரை லீவரைக் கையால் கீழே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அணைந்தால் ஸ்விட்ச். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் மினுக்கினாலும் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படலாம். ஆனால் உங்களுக்கு எரிவது சரிவில் இறங்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும். அதோடு, ஆயில் ஊற்றியதும் மூன்று வாரம் நின்றது. ஸ்விட்ச் கோளாறு ஆயில் ஊற்றினால் சரியாகாது. எனவே மிதவைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

மிதவை எப்படி வேலை செய்கிறது என்றால், அதற்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். ஆயில் குறைந்து மிதவை இறங்கியதும், அந்தக் காந்தம் ஒரு ஸ்விட்ச்சை மூடி விளக்கை எரிய வைக்கும். டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சமதரையில் ஓட்டினால் விளக்கு வராது. வண்டி மூக்கைக் கீழே சாய்த்தாலோ, பிரேக்கில் ஆயில் முன்பக்கம் ஒதுங்கினாலோ மிதவை ஒரு கணம் இறங்கி ஏறும். நீங்கள் பார்த்த மினுக்கல் அதுதான். விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது.

இனி முக்கியமான இடம். பெட்ரோல் மாதிரி பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் முன்னும் பின்னும் போய்வருகிற சரக்கு. குறைந்தது என்றால் எங்கேயோ போயிருக்கிறது. போவதற்கு நியாயமான வழி ஒன்று உண்டு. பேட் தேயத் தேய, காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இருக்கும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அது விட்டுவந்த இடத்தை ஆயில் நிரப்பும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பிஸ்டனின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இரண்டு பேட்டும் ஆளுக்கு 7 மில்லிமீட்டர் தேய்ந்தால், பிஸ்டன் மொத்தம் 14 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 27 மில்லி, முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 55 மில்லி. இது ஒரு செட் பேட்டின் முழு ஆயுளில், பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் குறைய வேண்டிய அளவு. மூன்று வாரத்தில் குறைவதற்கு இது இல்லை.

அதனால் நான் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி: போன மாதம் கராஜில் எந்தக் கோடு வரை ஊற்றினார்கள்? மேக்ஸிமம் வரை ஊற்றி மூன்று வாரத்தில் மினிமத்துக்கு வந்திருந்தால், பேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கேயோ ஒழுகுகிறது. விளக்கு அணையும் அளவுக்குக் கையில் மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் ஊற்றியிருந்தார்கள் என்றால், அது பழைய கதையின் தொடர்ச்சி, பேட் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று உங்கள் கடிதத்திலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை. கராஜ் பையனுக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த விஷயத்தில் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதே மாதிரி விளக்கு எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் ஊற்றினேன், அணைந்தது, சந்தோஷமாகப் போனார். ஒன்றரை மாதம் கழித்து வந்தார், மறுபடி ஊற்றினேன். மூன்றாவது தடவை வரும்போது பெடல் தரைக்குப் பக்கத்தில் போய்த்தான் பிடித்தது. பின்சக்கர டிரம்மைக் கழற்றினால், அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ இரண்டும் ஆயிலில் ஊறிப்போயிருந்தன. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பருக்குள் ஆயில் தேங்கி நின்றது. டிரம்முக்குள் இருக்கும் பிரேக் தூசி ஆயிலை உறிஞ்சிச் சேறாகிவிட்டதால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. எங்கள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "மூணு தடவை ஊத்தியிருக்கே. அதெல்லாம் எங்கடா போச்சு? நீ குடிச்சியா?" என்று கேட்டார். அந்தப் பெரியவர் தப்பித்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும். முன்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் குறுக்காக, ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரு லைனில். ஒன்று போனாலும் மற்றொன்று பாதிப் பிரேக்காவது பிடிக்கும். அதைத்தான் அவர் மிதித்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

சரி, நீங்கள் இன்றைக்கே பார்க்கக்கூடியவை என்ன? காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன், சமதரையில் நிறுத்தி பானெட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டி வெள்ளை நிறத்தில் அரை ஒளி ஊடுருவும் டப்பா இருக்கும். மூடியைத் திறக்காமலேயே மட்டம் தெரியும். அந்த மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆயில் உடனே ஊற்ற வேண்டாம். ஆனால் மினிமத்துக்குக் கீழே போயிருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு நான்கு டயரின் உட்பக்கச் சுவரையும் பாருங்கள். ஈரமோ, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய கறுப்புத் தூசியோ இருந்தால் அந்தச் சக்கரத்தில்தான் ஒழுகல். உங்கள் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்மாகத்தான் இருக்கும். நான் சொன்ன கதையைப் போல, பின்னால் வெளியே காய்ந்திருக்கிறது என்பதை நம்பாதீர்கள்.

அடுத்து பெடல். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், அது பூஸ்டர் (நம் மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குப் பிறகு அரை நிமிஷம் அதே அழுத்தத்தில் வைத்திருங்கள். பெடல் அப்படியே நின்றால் நல்லது. மெதுவாகக் கீழே வழுக்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போயிருக்கலாம், அல்லது எங்காவது ஒழுகல். அப்படி இருந்தால் சேலத்தை விடுங்கள், அந்த வண்டி தெருமுனைக்குக்கூடப் போகக்கூடாது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே மறந்துவிடும் ஓர் இடம் கிளட்ச். சில வண்டிகளில் கிளட்ச்சும் ஆயிலில் வேலை செய்யும், அதே டப்பாவிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அங்கே ஒழுகினால் பிரேக் விளக்கு எரியும். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று மண்டையைச் சொறிவார்கள். டப்பாவின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று தனியாகப் போகிறதா பாருங்கள். இருந்தால், கிளட்ச் பெடலுக்கு மேலே டாஷ்போர்டுக்கு அடியிலும், கியர்பாக்ஸ் பக்கமும் ஈரம் தேட வேண்டும். பல சின்ன வண்டிகளில் கிளட்ச்சுக்குக் கேபிள்தான். உங்களுடையதும் அப்படி இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

கம்பெனி எஸ்டிமேட் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்தவுடனே சொல்ல மாட்டேன். நானே அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தவன். விளக்கு மறுபடி எரிந்தால் வாடிக்கையாளர் திட்டுவார் என்ற பயத்தில், சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் எழுதிவிடுவது அங்கே பழக்கம். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் உள்ரப்பர் தேய்ந்தால் ஆயில் உள்ளேயே சுற்றி டப்பாவுக்குத் திரும்பிவிடும். பெடல் இறங்கும், ஆனால் மட்டம் குறையாது. மட்டம் குறைய வேண்டுமென்றால் சிலிண்டர் வெளியே ஒழுக வேண்டும். பின்பக்கம், பூஸ்டரோடு சேரும் இடத்தில் ஒழுகிப் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் சொட்டாது. ஆனாலும் அந்தச் சேருமிடத்தில் ஈரமும், பெயின்ட் உரிந்த தடமும் தெரியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஆகவே அட்வைசரிடம், "எங்கே ஒழுகுகிறது, காட்டுங்க" என்று கேளுங்கள். பெடல் உறுதியாக நின்று அந்த இடமும் காய்ந்திருந்தால், மாஸ்டர் சிலிண்டரை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. டிஸ்க்குக்கும் அப்படித்தான். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் இருந்து, ஆழமான கோடோ பிரேக்கில் நடுக்கமோ இல்லையென்றால் அதே டிஸ்க் ஓடும். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேரம் இல்லை. நின்று நின்று நகரும் பெங்களூர் டிராஃபிக்கில் 68,000 ஓடிய வண்டியில், முன்பேட் ஏற்கெனவே ஒரு தடவையாவது மாறியிருக்க வேண்டும். மாறியதாக உங்களிடம் பில் இல்லையென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேட்டும் ஒழுகலும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் முன்பேட் தேய்ந்திருப்பதைப் பார்த்ததும் "கண்டுபிடிச்சாச்சு" என்று பின்டிரம்மைத் திறக்காமல் மூடிவிடக்கூடாது. இன்னொன்று: பேட் தேய்ந்த வண்டியில் மேக்ஸிமம் வரை ஆயில் ஊற்றி வைத்திருந்தால், புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அத்தனையும் டப்பாவில் பொங்கி வழியும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

தொப்பூரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. தர்மபுரி தாண்டி இறங்கும் அந்த இடத்தில் லாரிகள் கவிழ்ந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போனால் சூடு ஏறி ஆயிலுக்குப் போகும். பெயர்தான் ஆயில், எண்ணெய் இல்லை அது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு; புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140, 155 என்று இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தினால் நசுங்கும், பிரேக்குக்கு அழுத்தம் போகாது, பெடல் தரைக்குப் போய்விடும். ஆறியதும் பிரேக் பழையபடி பிடிக்கும், மெக்கானிக் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலையே முழுசாக மாற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாதென்றால், எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். சீல் உடைக்காத பாட்டில் வாங்குங்கள். கராஜில் பாதி தீர்ந்து திறந்து கிடக்கும் பாட்டில் வேண்டாம். மூன்றும் நான்கும் கலந்தால் பெரிய தீங்கில்லை. டாட் 5 சிலிக்கோன், அது கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ அவசரத்துக்கு ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போய், நீங்கள் பயந்த 18,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். (அழுத்திப் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று எழுதவில்லை. 2019 ஏப்ரலிலிருந்துதான் அது எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம், அதற்கு முன் வேரியன்ட்டைப் பொறுத்தது. சாவி போட்டதும் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு வந்து அணைந்தால் இருக்கிறது. அது தனியாக எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் சக்கர சென்சார் அல்லது அதன் ஒயர். மழையில் தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸில் இறங்கி ஏறிய வண்டிகள் இதற்காக எங்களிடம் வரிசையாக வரும். அப்போது சாதாரண பிரேக் வேலை செய்யும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து அணையாமல் நின்றால், ஆயில் மட்டம் சரியாக இருந்தாலும் ஓட்ட வேண்டாம். முன் பின் சக்கரத்துக்குப் பிரேக்கைப் பங்கிடும் வேலை நின்றுபோயிருக்கலாம், அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். உங்களுக்கு இது இருப்பதாகத் தெரியவில்லை.

இனி, போகலாமா என்ற கேள்வி. இப்போது இருக்கும் நிலையில் போகாதீர்கள். ஒரு வாரம் இருக்கிறது, அது தாராளம். நம்பிக்கையான கராஜில் விட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். பின்டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முன்பேட், தேவைப்பட்டால் வீல் சிலிண்டரும் ஷூவும், புது ஆயில், பிளீடிங் (குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது). மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்கும் நல்லபடி இருந்தால் எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகாது. பாகங்களை நீங்களே ஜே.சி. ரோட்டில் வாங்குவதானால் பில் போடும் கடையில் வாங்குங்கள், பிரேக்கில் டூப்ளிகேட் சாமான் வேண்டாம். ஆயில் மட்டத்தில் மறுபடி ஒரு கோடு. வேலை முடிந்த அன்றே கிளம்பாமல், நாலைந்து நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். கோடு அசையவில்லையென்றால் குடும்பத்தோடு போய்வாருங்கள். தொப்பூரில் மேலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதியுங்கள், தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். ஆயில் அந்தக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் பஸ்ஸுக்கு டிக்கெட் பாருங்கள்.

வண்டியைக் கராஜிலிருந்து எடுக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் கோளாறைச் சரிசெய்வதற்குப் பதிலாக விளக்கை அணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வண்டிகளில் நானே பார்த்திருக்கிறேன். ஒன்றில் மீட்டர் பல்பையே கழற்றியிருந்தார்கள், மற்றொன்றில் மிதவையின் பிளக்கை உருவி டேப் சுற்றியிருந்தார்கள். இரண்டாவது வகையில் ஹேண்ட் பிரேக்குக்கு விளக்கு எரியும், ஆயில் குறைந்தால் மட்டும் எரியாது. அதனால் பானெட்டையும் ஒரு தடவை திறந்து, டப்பாவில் பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.